நான்காவது பெட்டி

வசந்த் அருமைராஜின் பெட்டிகள் மொத்தம் ஆறு.
என்னிடம் ஐந்து.
ஒன்று இரண்டு மூன்று, பிறகு ஐந்து ஆறு.
நடுவில் நான்கு விரற்கடை இருட்டு.

பெட்டிக்கு எட்டு சிடி.
என் ஐந்திலும் சேர்த்து
அறுநூறு பாட்டு என்கிறது அட்டை.
ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து எண்ணினேன்,
இருநூற்றுப் பதினான்கு.
மிச்சமெல்லாம் அதே காதலிக்கு
வேறு வேறு வருஷங்களில் சொன்ன அதே சேதி.
முதலில் ஒற்றைக் கிடாரோடு,
பிறகு முப்பது வயலினோடு,
பிறகு துபாயில் கைதட்டலோடு,
கடைசியில் சுத்தம் செய்யப்பட்டு.

சுத்தம் என்றால்
இரண்டாம் சரணத்துக்கு முன்
அவர் இழுக்கிற மூச்சைத் துடைத்துவிட்டார்கள்.
மாப்பிள்ளை கன்னத்து மருவை
ஸ்டுடியோக்காரன் எடுத்துவிடுகிற மாதிரி.
மூச்சு இருக்கிற பதிப்பு
நான்காவது பெட்டி, மூன்றாம் தட்டு.
பத்தொன்பது வயதில்
ஜங்ஷன் கேசட் கடை வாசலில்
மழைக்கு ஒதுங்கியபோது கேட்டது.
கூட ஒதுங்கினது யார் என்று கேட்காதீர்கள்.
பாளையங்கோட்டைப் பத்திர ஆபீசில் இருபத்தாறு வருஷம்.
சாட்சி இல்லாத எதையும் நான் எழுதுவதில்லை.

"ஒரே பாட்ட எத்தன தடவக்கா வாங்குவிய?"
அடுத்த மேஜை முப்பிடாதி.
எத்தனை தடவை அதே மனுஷனிடம் கோபித்துக்கொண்டு
அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியிருக்கிறாய் என்று
நான் அவளைக் கேட்டதில்லை.

தகவல் கடையநல்லூரிலிருந்து வந்தது.
மைதீன் பிச்சை,
ஷார்ஜாவில் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர்.
நான்காவது இருக்கிறது, கொடுத்துவிடுவார்.
சனிக்கிழமை தென்காசி பஸ் ஏறினேன்.
ஆலங்குளம் தாண்டி ஒரு காற்றாலையும் சுற்றவில்லை.

துண்டு விரித்து அதன்மேல் பெட்டியை வைத்தார்.
ஓரம் மடங்கவில்லை,
கண்ணாடித்தாள்கூட அப்படியே.
ஏன் விற்கிறீர்கள் என்று
இரண்டு தரம் கத்திக் கேட்க வேண்டியிருந்தது.
"காதுல மெஷின் வச்சா
தகரத்துல மழ பெய்யுத மாதிரி கேக்கு மேடம்.
அருமைராஜ அப்படிக் கேக்க மனசில்ல."

விலை படிந்தது.
பணத்தை எண்ணாமல் பையில் வைத்தார்.
பிறகு எட்டுத் தட்டுகளையும் ஒவ்வொன்றாக உருவி
என் பக்கம் நகர்த்திவிட்டு
பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பெட்டி இல்லாம எப்படி பாய்?"
"பாட்டு வேணுமா, அட்ட வேணுமா?"

பாட்டு என்று
உடனே சொல்லியிருக்க வேண்டும்.
என் வாய் அந்த நான்கு விரற்கடையில் மாட்டிக்கொண்டது.
மருமகள் கொண்டுவந்த சர்பத்தில்
ஐஸ் கரைகிற வரைக்கும்
இரண்டு பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர்தான் அதைத் திறந்தார்.
உள்ளே பாட்டுப் புத்தகம்.
மூன்றாம் தட்டின் பக்கம் அவருக்குத் தானாக வந்தது,
அங்கே விரித்து விரித்து முதுகு தளர்ந்திருந்தது.
ஆள்காட்டி விரல் வரிமேல் ஊர்ந்தது,
உதடு அசைந்தது, சத்தம் இல்லை.
முதல் சரணம் முடிந்ததும் விரல் நின்றது.
தோள் இரண்டும் மேலே ஏறின.

மிகச் சரியாக அந்த இடத்தில்
அவர் மூச்சு இழுத்தார்.

எனக்குக் கேட்டது.
அவருக்குக் கேட்டிருக்காது.

ஷார்ஜா துண்டிலேயே தட்டுகளைச் சுற்றிக் கொடுத்தார்.
துண்டு உங்களுடையது என்றேன்.
காதில் விழாதவர்போல்
வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

ஐந்தாவதைத் தள்ளி
மூன்றாவதோடு ஒட்ட வைத்துவிடலாம்.
இருட்டு அப்படியே இருக்கிறது.
துண்டு மூட்டை பீரோவில், பத்திரங்களுக்கு மேலே.
இன்னும் அவிழ்க்கவில்லை.
பிளேயர் ரிப்பேர் என்று
முப்பிடாதியிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.