ஒரு சின்ன முக்கோணம்

நாலு ரெஸ்ற். பதினொரு விக்கெற்.
பத்தொன்பது தரம்
தண்ணிப் போத்தல் சுமந்த பன்னிரண்டாம் ஆள்.
கொழும்புப் பேப்பர்களில் என்ர பேர்
மூன்று விதமாய் வந்தது,
மூன்றும் பிழை.

இதைக் கேட்கத்தான் வருகினம்.
கமெராவை ஐஸ் பெட்டிக்கு மேல வைச்சுப்போட்டு
"சண்டைக்குள்ள எப்பிடி அண்ணை பழகினீங்கள்?"

சொல்லுவன்.
தோல் பந்து வராத காலம்.
வலை மிதப்பில
சைக்கிள் ரியூப்பை வெட்டிச் சுத்தி
குருநகர் ஜெற்றிச் சீமெந்தில போடுவம்.
நனைஞ்சால்தான் திரும்பும்,
அதால நனைச்சே போடுவம்.
கடலுக்கை அடிச்சால் அவுட்,
அடிச்சவனே நீந்தி எடுக்க வேணும்.

தலையாட்டுவினம்.
அழுகிற இடம் எப்ப வரும் எண்டு
பாத்திருக்கிற தலையாட்டல்.

எனக்குச் சொல்ல இருந்தது வேற.

புலவாயோ. மூன்றாவது ரெஸ்ற், நாலாம் நாள்,
தேத்தண்ணிக்குப் பிறகு.
நூற்றிநாற்பது அடிச்சு
சுவிங்கம் சப்பிக்கொண்டு நிண்டான் ஒரு நெட்டையன்.
என்ர இடக்கைச் சுட்டுவிரல் வெடிச்சு
பந்தின்ர தையலில கொஞ்சம் ரத்தம்.
நடுவர் அதைத் துணியால துடைச்சுத் தந்தார்,
ஒண்டும் கேக்கேல்லை.

விட்டன்.
கையை விட்டுப் போகேக்கையே தெரியும், சில பந்து.
வாசலுக்கு வந்தபிறகு
திறப்பை மறந்த ஆள் மாதிரி
காத்தில ஒருக்கால் நிண்டது.
பிறகு லெக் ஸ்ரம்புக்கு நேர விழுந்து,
அவன்ர மட்டையை ஒரு சொல்லுக் கேளாமல் திரும்பி,
ஓஃப் ஸ்ரம்பின்ர தலைக்கு மேலால
ஒரு நகக்கண் இடைவெளியில போனது.
பெயில்ஸ் அசையேல்லை.
விக்கெற்றுக்குப் பின்னால நிண்ட நிஹாலும்
அந்தப் பந்தை நம்பேல்லை.
அவன்ர ரெண்டு கையுறைக்கும் தப்பி
எல்லைக் கயிறு மட்டும் உருண்டது.

நாலு ஓட்டம்.
ஆற்ற கணக்கிலும் இல்லை.
உதிரி.

பின்னேரம் ஸ்கோர் புத்தகத்தைப் போய்ப் பாத்தன்.
என்ர நிரலில அந்தப் பந்துக்கு நேர
பென்சிலால ஒரு சின்ன முக்கோணம்,
உள்ளுக்கை நாலு.
என்ர வாழ்க்கையில போட்ட ஆகத் திறமான பந்து
அதுக்குள்ள இருக்கு.
அந்தப் பதினொரு விக்கெற்றில
ரெண்டு பேர் தாங்களாய் அவுட்டானவை,
ஒருத்தன் காலுக்கை பந்து பட்டு
தான் அவுட்டில்லை எண்டு இப்பவும் சொல்லுறான்.

அடுத்த பந்தை நெட்டையன்
வெள்ளைத் திரைக்கு மேலால அடிச்சான்.
அதையும் சொல்லத்தான் வேணும்.

நாலாவது ரெஸ்ற்றுக்குப் பிறகு
ஒருத்தரும் கோல் எடுக்கேல்லை.
விட்டிட்டம் எண்டும் சொல்லேல்லை.
ரெண்டு வருசம்
போன் அடிச்சால் சேட்டு மாத்திக்கொண்டு எடுத்தன்.

பாதை திறந்த அடுத்த வருசம்
நயினாதீவுக்குக் கும்பிட வந்த பஸ் ஒண்டு
ஐஸ் தொழிற்சாலை வாசலில நிண்டது.
நிஹால். வயிறு வைச்சு, முடி கொட்டி,
மனுசியும் மூண்டு பிள்ளையளும்.
என்னைக் கட்டிப்பிடிக்க முந்தியே
"சொறி மச்சாங், அந்த பைஸ்" எண்டான்.
எட்டு வருசமாய் அவனும்
அதையே வைச்சிருந்திருக்கிறான்.
நான் ஒரு ஐஸ் துண்டை எடுத்து
அவனுக்கு எறிஞ்சன்.
அதையும் விட்டான்.
அவன்ர கடைசிப் பெட்டை சிரிச்ச சிரிப்பில
நண்டு நிறுத்துக்கொண்டு நிண்ட சனம் திரும்பிப் பாத்தது.
ரெண்டு கிலோ நண்டு கட்டிக் குடுத்தன்.
காசு தர வெளிக்கிட்டான்,
பேசி அனுப்பினன்.

போன மாசம் அடையாள அட்டை புதுப்பிக்கப் போனன்.
கைரேகை மிஷின்
இடக்கைச் சுட்டுவிரலை எடுக்கேல்லை.
துடைச்சு வைச்சன், ஊதி வைச்சன்.
மூண்டாம் தரமும் சிவப்பு லைற்.
கிளாக் பிள்ளை
விரலைத் திருப்பிப் பாத்தா,
மொளி வீங்கி, தோல் வழுவழுத்து,
ஒரு கோடும் இல்லை.
"ஐஸ் வேலையோ அண்ணை?"

ஓம் எண்டன்.