பூ2

இரண்டாம் ஆண்டில் ஐந்து பேர்.
ஆறாவது நாற்காலியில்
என் மழைச்சட்டை காய்கிறது.
கறுப்பு மார்க்கர் வெள்ளிக்கிழமையே வற்றிவிட்டதால்
பச்சையில் எழுதினேன்:
மரம், மரங்கள்.

"கள் சேர்த்தால் ஒன்று பலவாகும்."
சொல்லி வாய் மூடுமுன் கிர்த்திகன் எழுந்தான்.
"ஆமா டீச்சர், கள்ளு சேத்தா
எங்க மாமாவுக்கு
ஒரு மோட்டார் ரெண்டாத் தெரியும்."

முதலில் சிரித்தேன், பிறகு கண்டித்தேன்.
வரிசை மாறிவிட்டது.
பயிற்சிக் கல்லூரியில் மூன்று ஆண்டு,
இந்த விதியை இவ்வளவு சுருக்கமாய்
எவரும் எனக்குச் சொன்னதில்லை.

கல், கற்கள்.
பல், பற்கள்.
தனுஸ்ரீ வாயைத் திறந்து காட்டினாள்,
முன்வரிசையில் இரண்டு எழுத்து விடுபட்டிருந்தது.
"அப்ப வாலு? வாற்களா?"
இல்லை, வால்கள்.
"ஏன் டீச்சர்?"
குறிலுக்குப் பின்னால் நின்றால்தான்
ல் தன் முகத்தை மாற்றிக்கொள்ளும் என்றேன்.
பாவம் ல், என்றது கடைசி மேசை.

செம்பனைக் குலை ஏற்றி ஒரு லோரி போனது.
ஜன்னல் நடுங்கி அடங்கும்வரை
பாடத்துக்கு ஓய்வு.
"லோரிகள்," என்றேன் தூசியைத் துடைத்துக்கொண்டு.
"ஒண்ணுதான் போச்சு," என்று திருத்தினார்கள்.

வீடு என்ற சொல்லுக்கு
ஷாமேந்திரன் மட்டும் யோசிக்காமல் எழுதினான்:
எனக்கு வீடுகள் உண்டு.
திங்கள் முதல் வெள்ளி சித்தி வீடு,
சனி அப்பா, ஞாயிறு அம்மா.
சரி போட்டேன்.
சரியின் வால் கொஞ்சம் கோணிப் போனது.

மெலாத்தி இன்னும் தலை நிமிரவில்லை.
அவள் நோட்டில்
மரம்2.
பூ2. ஈ2.
கொஞ்சம் இடம் விட்டு
யோசித்து எழுதியதுபோல்
மழை2.

அம்மா லொம்போக்கில் பிறந்தவள்,
அப்பா இந்தக் கோல கெட்டிலில் லோரி ஓட்டுபவர்.
அடுப்படியில் ஒரு மொழி, வாசலில் ஒரு மொழி.
அம்மாவின் மொழியில் பூ பலவாக வேண்டுமென்றால்
இன்னொரு முறை கூப்பிட்டால் போதும்:
பூங்கா பூங்கா.
என் காதில் விழுவதென்னவோ
இரண்டு தோட்டம்.
மறுபடி எழுதக் கை வலித்தால்
பக்கத்தில் ஒரு 2.
ஆயிரம் பூவுக்கும் அதே 2தான்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
மேலே சின்னதாய்ப் பூக்கள் என்று எழுதினேன்.
2-ஐ அடிக்கவில்லை.
தலைமையாசிரியர் பார்த்தால் பார்க்கட்டும்.
மழை2-க்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை,
நவம்பரில் இந்த ஊருக்கு வந்தவர்கள்
அதைப் பிழை என்று சொல்லமாட்டார்கள்.

மணியடிக்கப் பத்து நிமிடம்.
"நான் என்பதற்குப் பன்மை?"
"நான்கள்!"
இல்லை கிர்த்திகா.
நாம். நாங்கள்.
கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம்,
வெளியே நிறுத்திவிட்டால் நாங்கள்.

நாலு முகத்தில் ஒன்றும் ஏறவில்லை.
மெலாத்தி மட்டும், "தெரியும்," என்றாள்,
அன்று அவள் பேசிய முதல் சொல்.
"நாம், கித்தா.
நாங்கள், காமி."

"கித்தான்னா பால்மரம்!"
கிர்த்திகன் விடுவதாய் இல்லை.
"எங்க வீட்டுல கித்தான்னா
எல்லாரும்," என்றாள் அவள்.

பச்சை மார்க்கரை மூட மறந்து நின்றேன்.
எல்லை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று
இரண்டு மொழியும் ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கின்றன,
அந்தக் கோட்டின் மேல்
ஏழு வயதுக் கால் ஒன்று
சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து ஆடிக்கொண்டிருக்கிறது.

மணி.
ஐந்து பைகள், ஐந்து தண்ணீர்ப் போத்தல்கள்,
கதவருகே ஒரே ஒரு கூச்சல்:
"நாங்க போறோம் டீச்சர்!"

சரியான பிரயோகம்.
மழைச்சட்டையைத் தொட்டுப் பார்த்தேன்,
இன்னும் காயவில்லை.