பதின்மூன்றரை மில்லிமீட்டர்

மெஜஸ்டிக் பேருந்தில் முன்பின் அறியாதவர்கள்
குனிந்து பார்த்துச் சொன்னார்கள்:
எவ்வளவு பெரிய கண்கள்.
நானும் துண்டை விலக்கி விலக்கிக் காட்டினேன்.
விசாலாட்சி என்று பெயர் வைத்ததே
அந்தக் கண்களுக்காகத்தான்.

வெயில் பட்டால் என் தோளில் முகம் புதைப்பாள்.
வெட்கம் என்றோம்.
எந்நேரமும் நீர் வடியும்.
சளி என்றோம்.
மூச்சுப் பட்ட கண்ணாடிபோல் கருவிழி நீலம் பாரித்தது.
ஸ்ரீராமபுரத்தில் அதற்கும் ஒருத்தி
மிளகாய் சுற்றிப் போட்டாள்.

தூங்கவைத்து அளந்தார்கள்.
பதின்மூன்றரை மில்லிமீட்டர்.
ஐந்து மாதத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தி அம்மா,
பாதித் தமிழில் சொன்னார் டாக்டர் சுமங்கலா.
உள்ளே ஊறுகிற நீருக்கு வெளியே வர வழியில்லை.
அழுத்தம்தான் ஊதி ஊதிப்
பெரிதாக்கியிருக்கிறது.

சீட்டின் பின்புறம் படம் போட்டார்.
கருவிழி தெளிவாக இருந்தால்
அதன் வழியாகவே பார்த்து, உள்ளிருந்து
அடைப்பைக் கீறிவிடலாம்.
இவளுக்கு மூட்டமாக இருக்கிறது.
வெளியிலிருந்துதான் வடிகாலைத் தேடித் திறக்கணும்.
கூடவே வெள்ளைவிழியில் ஒரு புதுப் பாதை.
அது மூடிக்கொண்டால்?
சின்னதாக ஒரு குழாய் வைப்போம்.
அதுவும் மூடிக்கொண்டால்?
பேனாவை மூடினார்.

பீன்யாவில் பதினோரு வருஷம்
சட்டைக் காலர் தைத்தவள் நான்.
என்ன நம்பர் நூல் என்று கேட்டேன்.
காலி உறை ஒன்றைக் கொண்டுவந்தாள் நர்ஸ்.
ஒரு துண்டு மிச்சம் ஒட்டியிருக்கிறதாம்.
விளக்குக்கு நேரே பிடித்தேன்,
சாய்த்துப் பிடித்தேன்,
என் கண்ணுக்கு அகப்படவில்லை.
இதில் எப்படி முடிச்சுப் போடுவார்கள்.

அதிகாலை மூன்றுக்குமேல் பால் கூடாது.
ஏழரை என்றவர்கள்
ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள்.
அதுவரை என் ரவிக்கையைக் கடித்து அழுதாள்.
கதவு சாத்திய பிறகும்
மார்பு கட்டிச் சொட்டியது, இரண்டு பக்கமும்,
புடவை, நாற்காலி, தரை.
துடைக்க வந்த பெண் ஒன்றும் கேட்காமல்
தன் துப்பட்டாவைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
மறுபடி தூங்கவைக்கிறார்கள், அளக்கிறார்கள்.
அழுத்தம் முப்பத்திரண்டிலிருந்து பதினாறு.
இடது கண் இன்னும் பாக்கி.
பெரிதானது பெரிதானதுதான், சுருங்காது என்கிறார் டாக்டர்.
பேருந்தில் யாராவது சொன்னால்
ஆமாம் என்று மட்டும் சொல்லி
துண்டை இழுத்து மூடிக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி
டியூப்லைட் ஓரமாக ஒரு பல்லி ஓடியது.
அது போன பக்கமெல்லாம் இவள் வலது கண் போனது.
கூசவில்லை.
பன்னிரண்டு மணிவரை
நான் விளக்கை அணைக்கவே இல்லை.