பதினைந்து நாள் ஞாபகம்

முக்கூடல் பீடிக் கொட்டகைக்கு
எட்டுக் கண் வேணும் என்றார் கோமதிநாயகம்.
"குடுத்த எலைக்குக் கெட்டு வரலவே.
எவளோ மடியில கட்டிட்டுப் போறா."

வண்ணார்பேட்டையிலிருந்து
வண்டியில் ஏணியைக் குறுக்கே கட்டிப் போயிருந்தேன்.
மூன்று கம்பெனிப் பெட்டிகளை மேசையில் வைத்தேன்.
பேர்தான் மூன்று, உள்ளே பலகை ஒன்று.
ஒரே உலையில் வடித்த சோறு
மூன்று இலையில்.
விலை கூடிய இலையில் வாரண்டி இருக்கிறது, அவ்வளவுதான்.

"எத்தன மெகாபிக்சல்?" என்று கேட்டார்,
மேலப்பாளையம் சந்தையில்
ஆட்டுக்குப் பல் பிடித்துப் பார்ப்பவர் போல.
அதை விடும் அண்ணாச்சி,
எதைப் பார்க்கணும்? அதைச் சொல்லும்.
அகல லென்ஸ் அறை முழுக்கத் தரும்,
ஆளெல்லாம் எறும்பு.
குறுகின லென்ஸ் மூக்குத்திக் கல்லை எண்ணும்,
பக்கத்தில் நிற்பது யாரென்று அதற்குத் தெரியாது.
சினிமாவில் போல மங்கலைப் பெரிசாக்கினால்
பெரிய மங்கல்தான் வரும்.

ராத்திரி இதற்குச் சிவப்புக் கண்.
சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும்.
விடிய விடியப் பல்லியின் வயிற்றையே பதிந்து வைத்த
அரிசி ஆலை ஒன்று பேட்டையில் உண்டு.
மாசம் ஒருக்கா துணியால் துடையும்.
கடவுச்சொல்லில் மகள் பிறந்தநாள் வேண்டாம்.
எர்த் போடாவிட்டால்
ஐப்பசி இடி ஒன்று போதும்,
எட்டும் ஒரே நொடியில் அவியும்.

ஏழுக்கு இடம் காட்டினார்.
எட்டாவது,
பெண்கள் சேலையை உதறிக் கட்டும் பின்கட்டுக்கு.
அங்க மாட்ட மாட்டேன் என்றேன்.
"ரூவா யாரு தாரா?"
நீருதான். ஏணி என்னுது.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் பேசியது.

கடைசியில் எட்டாவது தராசுக்கு மேலே போனது,
நாலு மில்லி லென்ஸ், நேர் செங்குத்தாக.
அவர் விரல் நீட்டிய இடம்தான்.

ஆறாம் நாள் போன். "உடனே வாரும்."

பதினொரு பெண்கள் முறத்தை இறக்கி வைத்துவிட்டு
நின்றுகொண்டிருந்தார்கள்.
மடியை அவிழ்த்து உதறிக் காட்டி
பிரமு சொன்னாள்:
"எல நான் திங்கல.
முந்தாநா தராசுப் படத்தப் போடச் சொல்லுங்க."

அவர் என்னைப் பலகைத் தடுப்புக்குப் பின்னே இழுத்தார்.
திரையை ஏற்கனவே நிறுத்தி வைத்திருந்தார்.
பித்தளைத் தட்டு.
தட்டில் தெந்து இலை.
தட்டோரத்தை அழுத்தியபடி ஒரு சுண்டுவிரல்,
விரலில் சிவப்புக் கல் மோதிரம்.
வாங்கின காசுக்கு
நாலு மில்லி குறை வைக்கவில்லை.

கோமதிநாயகம் மோதிரத்தை
உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.
"இந்தத் துண்ட மட்டும் அழியும்."

துண்டு துண்டா அழிக்க வராது அண்ணாச்சி.
அழிச்சா எல்லாத்தையும் அழிக்கணும்.
யார் அழிச்சா, எத்தனை மணிக்கு அழிச்சான்னு
அதுவே எழுதி வச்சுக்கிடும்.
இல்லாட்டி காத்திரும்.
வட்டு நிறைஞ்சா பழசு மேல புதுசு ஏறும்,
பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா.

"பைய பேசும்வே!"

ஏணி உச்சியில் நின்றே பேசிப் பழகின தொண்டை,
பைய வராது.
பதினஞ்சு நாள், என்றேன் இன்னொரு முறை,
பில்லிலும் எழுதியிருக்கேன், பாரும்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை.
ஒரு கத்திரி விழுந்தது, யாரோ எடுத்தார்கள்.

நான் வெளியே வரும்போது
பிரமு கட்டைவிரலால்
விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தாள்.
பதினஞ்சில் ரெண்டு போக.
கலெக்டர் ஆபீசுக்கு, கொக்கிரகுளத்துக்கு,
காலையில் முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று
பக்கத்தில் கேட்டாள்.
ஆறே கால் என்றது ஒரு குரல்.
இல்லட்டி, ஆறு இருபது என்றது இன்னொன்று.

எட்டாவதுக்கு இன்னும்
ரூபாய் வந்து சேரவில்லை.