மூன்று சென்டிமீட்டர்

ஒரு கிலோமீட்டர் கீழே
லிஃப்ட் கதவு திறக்கும்போது
கோரலீக்கு இன்னும் காது அடைக்கிறது.
மேலே சஸ்காட்செவனில் மைனஸ் முப்பது.
இங்கே கையை மடித்துவிடச் சொல்லும் வெக்கை.

சுவரில் விரல் தேய்த்து
நாக்கில் வைக்கிறாள்.
கரித்தால் வெறும் உப்பு,
கசந்தால் பொட்டாஷ்.
கசக்கிறது.

ஆள் பிறக்குமுன்னே வற்றிய கடல்
இளஞ்சிவப்பாய், வரிவரியாய்.
மீன் வாடை மட்டும் இல்லை.

போன மாதம் ஆணி அடித்த இடத்தில்
டேப்பை நீட்டுகிறாள்:
கூரை மூன்று சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது.
தரையும் கொஞ்சம் எழும்பியிருக்கு என்கிறான் ஓவன்.

உப்பும் ஓடும்,
அவ்வளவு மெதுவாக.
நாம் தோண்டியதை
மறந்துகொண்டே வருகிறது.

பழைய ஏழாம் அறைக்குள் எட்டிப் பார்த்தால்
யாரோ விட்டுப்போன நாற்காலி.
கூரை அதன் முதுகில்
கை வைத்துவிட்டது.

எண்ணைக் குறித்துவிட்டு
சாண்ட்விச்சைப் பிரிக்கிறாள்.

உப்பு போதவில்லை.