ஒயின் கலர்

பதினோரு வருஷமாய் ஒயின் கலர் போடுகிறேன்.
சிவப்பு இரண்டரை, நீலம் அரை, மஞ்சள் கொசுறு,
அறுபது டிகிரி, உப்பு, சோடா.
தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.
ஒயினைக் கண்ணால் பார்த்தது
போன சனிக்கிழமைதான்.

திருப்பூர், வீரபாண்டி பிரிவு, சாயப்பட்டறை லேப்.
பையர் ஆபீஸ் யோஹான்
சாம்பிள் துணி எடுப்பதுபோலப் பையிலிருந்து
ஒரு புட்டியை எடுத்து வைத்தார்.
குளிர்ச் சீமை, கடலோரத் தோட்டம் என்றார்.
தம்ளர் இல்லை.
பெட்டி பிரிக்காத பீக்கர் நான்கு இருந்தன,
மில்லிக் கோடு போட்டவை.

குடிக்கவில்லை முதலில்.
வெளிச்சப் பெட்டிக்குள் வைத்தேன்.
பகல் விளக்கில் மாதுளை,
கடை விளக்கில் செங்கல்,
விளிம்பில் மட்டும் பழஞ்செம்பின் வெளிறல்.
அந்தப்பக்கம் என் விரல் தெரிந்தது.
"இந்த ஷேடில் துணி அனுப்பினால்
நீங்களே திருப்பி அனுப்புவீங்க."
"ஆமாம், ஆழம் போதாதென்று மெயில் போடுவேன்."

தெய்வசிகாமணி மோந்து பார்த்து,
"ஏனுங்க, மழை நனைச்ச
நாவமரத்தடியாட்ட இருக்குதுங்க" என்றான்.

ஒரு வாய்.
இனிப்புக்குக் காத்திருந்த நாக்கு ஏமாந்து நின்றது.
பிறகு ஓரங்களில் களாக்காய்ப் புளிப்பு,
ஈறில் கொட்டைப்பாக்கு,
விழுங்கி வெகுநேரம் கழித்து
உப்பென்று சொல்ல முடியாத ஓர் உப்பு.
தினமும் மூட்டை மூட்டையாய் உப்புக் கொட்டுகிறேன்,
அது எந்த உப்பென்று பிடிபடவில்லை.

யோஹான் மேசையில் ஈர விரலால் வரைந்தார்:
இது கடல். இது மலை. மலையில் இங்கே ஒரு சந்து.
மத்தியானமானால் காற்று அதன்வழி புகும்,
இலை சுருங்கிக்கொள்ளும்,
பழம் அவசரப்படாது.

எழுந்துபோய் மேற்கு ஜன்னலைத் திறந்தேன்.
ஆடி மாசம்.
பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்தது
வழியிலுள்ள காற்றாடிகளையெல்லாம் சுழற்றிவிட்டு
எங்கள் தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
கொடியில் கிடந்த துணியெல்லாம் கிழக்கே பறந்தன.
"இதுவா?" என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டு, "இதேதான்" என்றார்.

இந்தக் காற்றில் மீட்டர் ஓடும், மிளகாய் காயும்,
கண்ணில் மண் விழும்.
எதையும் மெல்லப் பழுக்க வை என்று
நாங்கள் அதனிடம் கேட்டதே இல்லை.

இரண்டாம் வாய் வேறாக இருந்தது.
மூன்றாவதில் பேச்சு நின்றது.
தெய்வசிகாமணி மட்டும்
"கறிக்கொழம்பு இருந்தா தேவலைங்க" என்றான்.

கை தட்டி வெள்ளைத் துணியில் நாலு சொட்டு.
வழக்கம்போல சோடாத் தண்ணீரில் அலசினேன்.
சிவப்பு போகவில்லை;
நீலமாய், சாம்பலாய், விடிகாலை மாதிரி
வேறொன்றாய் மாறி நின்றது.
எந்தக் கார்டிலும் இல்லாத நிறம்.

இன்று திங்கள்.
காலையிலிருந்து மூன்று ரெசிபி போட்டாயிற்று.
வரவில்லை.