பதினாறாம் எண் கொக்கி

முப்பத்தொரு வருடம்
பிஹாச்–ஸாக்ரெப் பேருந்தை ஓட்டிய ரெஃபிக்குக்கு
இப்போது நேரம் தவறுவதில் ஒரு ருசி.

காபி ஆறிப்போய்க் கிடக்கிறது.
சமையலறை மேசையில்
அரிசி நீளக் கொக்கியை இடுக்கியில் கவ்வவைத்து
மூச்சடக்கி நூல் சுற்றுகிறார்.
சேவலின் கழுத்திறகு பக்கத்து வீட்டு உபயம்.
முயல் ரோமம்
ஃபாதிலாவின் கோட்டுக் காலரிலிருந்து.
டிசம்பரில் தெரியவரட்டும் அவளுக்கு.

ஊனா ஆற்றில் முழங்கால் ஆழம்.
கூழாங்கற்களோடு கூழாங்கல்லாய் ஒரு ட்ரவுட்.
பார்த்துப் பார்த்துக் கட்டிய ஏழு ஈக்களையும்
மூக்குரச வந்து நோட்டம் விட்டு
டிக்கெட் பரிசோதகரைப்போல்
நகர்ந்துவிட்டது.

எட்டாவது
கண்ணாடி போடாமல் கட்டியது,
இறக்கை கோணல்.

சுண்டியது நூல்.

ஈயை எறிந்து
ஈ என்று கேட்டவருக்கு
ஆறு ஈந்தது அரை நிமிடம்:
உள்ளங்கையில் குளிர்ந்த தசை,
சிவப்புப் பொட்டுகள், ஒரு திமிறல்.
விரல்களைத் தளர்த்தினார்.
இறங்குமிடம் அதற்குத் தெரியும்.

வாசலில் நனைந்த காலுறையை
உரித்துக்கொண்டிருந்தபோது
ஃபாதிலா கேட்டாள்:
"எத்தனை?"
"ஒன்று."
"எதற்கு விழுந்தது,
சேவலுக்கா
என் கோட்டுக்கா?"

காலுறை
கழலவே மாட்டேனென்கிறது.